பின்கதவால் வந்த மெட்டு

இது தொடக்கமில்லை. ஆரோ இதை நடுவிலயிருந்து பிடிச்சுக்கொண்டு போயிருக்கினம்.

சுசிலா அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்வதற்கு ஏற்ற நேரமாகவும் அது இல்லை. முன்னறையில், கணவரோடு படித்த புவனேந்திரன் அண்ணை சோபாவின் நுனியில் இருந்து, தேத்தண்ணிக் கோப்பையை முழங்காலில் வைத்தபடி, தெற்கு லண்டனில் மிச்சம் என்ற இடத்துச் சந்தியிலிருந்து கில்பேர்ண் விழாவுக்கு ஆட்களை ஏற்றிப்போக ஒரு கோச் பஸ் பிடிப்பதா இரண்டு பிடிப்பதா என்று கதைத்துக்கொண்டிருந்தார். மகள் விதுஷா தன் போனை மேசையில் நிமிர்த்தி வைத்திருந்தாள். அதிலிருந்து ஒரு புல்லாங்குழல், அதன் பின்னால் ஒரு கித்தார். மெட்டு மேலேயே நின்று சுற்றியது. பிறகு கீழே இறங்கியது. திரும்பவும் மேலே ஏறியது.

"இந்தப் பிள்ளை டப்ளினில இருக்கிறா, மாமா," என்றாள் விதுஷா. "அப்பாவை ஒருநாளும் கண்டதில்லை. ஆனா போட்டிருக்கிற பேரைப் பாருங்கோ. ஜெராட்டின் ஜிக்."

புவனேந்திரன் அண்ணை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். "எங்கட ஜெராட், யாழ்ப்பாணத்துக் குருநகரான், அயர்லாந்துக்காரனுக்கு ஆட்டம் பழக்கிப்போட்டான். பள்ளிக்கூடத்தில ஒரு போட்டியிலயும் இவனுக்குப் பரிசு குடுக்கேல்லை, தெரியுமோ? வயலினைத் தூக்கிக்கொண்டு கோயில் பாட்டுக்குழுவில மூலையில நிப்பான்."

"உங்களுக்குத் தந்தவையோ?"

"எனக்கு வடிவான கையெழுத்துக்கு ஒண்டு தந்தவை. அது வேற கதை."

விதுஷா சிரித்தாள். தகப்பன் இறந்த பிறகு அவள் இந்த வீட்டில் இப்படி இளகிச் சிரித்தது இதுதான் முதற்தடவை என்று சுசிலாவுக்குப் பட்டது. அதனால் மனதுக்குள் வந்ததை அப்படியே விழுங்கினாள்.

அவள் கணவர் ஜெராட் போய் மூன்று மாரிக்காலம் கழிந்துவிட்டது. தபால் பிரிக்கும் நிலையத்துக்குக் காலை ஷிப்டுக்குப் புறப்பட்டவர், வாசலில் சப்பாத்துப் போடக் குனிந்து, அப்படியே படியில் சாய்ந்துவிட்டார். உயிரோடு இருந்த காலத்தில் அவருக்கென்று இருந்த ஒரே கேளிக்கை புதன்கிழமை. வயலின் பெட்டியோடு கொலியர்ஸ் வூட்டில் ரயில் ஏறி, லண்டன் பிரிட்ஜில் மாறி, கில்பேர்ணில் ஒரு பப்புக்குப் போவார். அதன் பின்னறையில் அயர்லாந்துக்காரர் வட்டமாக இருந்து, தங்கள் நாட்டு ஆட்ட மெட்டுகளை ஒன்று முடிய ஒன்றாக வாசிப்பார்கள். தாளை வைத்து வாசிப்பதில்லை. கேட்டுக் கேட்டுப் பழகுவதுதான் அங்கே வழக்கம். ஜெராட் வாசித்த, ஜிக் என்னும் வகை ஆட்ட மெட்டு ஒன்றுக்கு, அந்த வட்டத்தில் யாருக்கும் பெயர் தெரியவில்லை. அப்படியான நேரங்களில் அவர்கள் அதைக் கொண்டுவந்த ஆளின் பெயரையே மெட்டுக்கு வைத்துவிடுவார்கள். அப்படித்தான் ஜெராட்டின் பெயர் ஒரு மெட்டில் ஏறியது.

இப்போது ஒரு இசைச் சங்கம், லண்டனில் இருந்தவர்கள் லண்டனிலேயே புதிதாகச் செய்த மெட்டுகளை மட்டும் திரட்டி, கில்பேர்ணில் ஒரு விழா வைத்து, ஒரு புத்தகமும் இசைத்தட்டும் வெளியிடப் போகிறது. அதில் ஜெராட்டின் ஜிக்கையும் சேர்க்க அவர்களுக்கு ஆசை. செய்தவர் ஜெராட்தான் என்று குடும்பத்திலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும்.

"ஒரு ஈமெயில், அம்மா. ஓம் எண்டு ஒரு வரி. நீங்கள்தான் போடவேணுமாம்."

"பாப்பம்," என்றாள் சுசிலா.

"இதில என்ன பாக்கிறது, தங்கச்சி?" என்றார் புவனேந்திரன் அண்ணை. "நான் பழைய மாணவர் சங்கத்துக்குச் சொல்லிப்போட்டன். ஸ்ட்ரெதத்தில இருக்கிற எங்கட ஆக்களும் வருகினம்."

போன் தன்பாட்டில் முதலில் இருந்து தொடங்கியது. மேலேயிருந்து.

சுசிலாவின் காது அப்படிப்பட்டது. அவள் அதை வளர்க்கவில்லை. ஆனால் அது அவளை விட்டுப் போகவுமில்லை. யாழ்ப்பாணத்தில் சங்கீத சபைப் பரீட்சைகளில் ஒவ்வொரு தரமாக ஏறி, கடைசித் தரத்துக்குப் படித்துக்கொண்டிருந்தபோது கலியாணம் பேசி வந்தது. லண்டனுக்கு வந்த பிறகு பிள்ளை, வீடு, மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கட்டிக் கொடுக்கும் வேலை. பாடுவது நின்றது. கேட்பது மட்டும் நிற்கவில்லை. குளிர்பெட்டியின் இரைச்சல் எந்தச் சுருதியில் இருக்கிறது என்பதுகூட அவளுக்குத் தெரியும். அதை யாரிடமும் சொல்வதில்லை.

ஜெராட் வீட்டில் வாசிப்பது குறைவு. வாசித்தால் மேலறையில், கதவைச் சாத்திக்கொண்டு. அவள் படியேறும் சத்தம் கேட்டால் வில் நின்றுவிடும். இது என் உலகம், நீ வராதே என்கிறார் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். புதன்கிழமைக்கு அவரும் கூப்பிடவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்காமல் விட்ட ஒன்று வருடக்கணக்கில் வீட்டுக்குள் கிடந்து, கடைசியில் அது ஒரு தளபாடம்போல் ஆகிவிட்டது. சுற்றி நடக்கப் பழகிக்கொண்டார்கள்.

அதனால் இந்த மெட்டை அவள் முழுதாகக் கேட்டது இப்போதுதான். மருந்துக்கடைக்குப் போகும் பஸ்ஸில், காதில் செருகிக்கொண்டு, திரும்பத் திரும்பக் கேட்டாள். தகிட தகிட என்று மூன்று மூன்றாய் ஓடும் நடை. சின்ன மெட்டுத்தான். இரண்டே பகுதிகள், ஒவ்வொன்றையும் இரண்டு தரம் வாசித்துவிட்டு மற்றதற்குப் போவார்கள். ஒப்பிட்டுப் பார்க்கவென்று வேறு ஜிக்குகளும் கேட்டாள். கேட்டதில் அனேகமாக எல்லாமே முதலில் கீழே நின்று, தன் இடத்தைக் காட்டிவிட்டு, இரண்டாம் பகுதியில்தான் மேலே போயின. பல்லவியைக் கீழே நிறுத்திவிட்டு அனுபல்லவியில் ஏறுவதைப்போல. ஜெராட்டின் ஜிக் மட்டும் அனுபல்லவியில் தொடங்கிப் பல்லவிக்கு இறங்கியது. வட்டமாக வாசித்துக்கொண்டே போனால் எது முதல், எது இரண்டாவது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் முதன்முதல் இதைச் செய்தவன் இப்படித் தொடங்கியிருக்க மாட்டான். செய்தவனுக்குத் தன் வீட்டு வாசல் தெரியும்.

அப்படியென்றால் செய்தவர் ஜெராட் இல்லை.

இந்த இடத்தில் விட்டிருக்கலாம். ஓம் என்று ஒரு வரி எழுதிவிட்டு, கோச்சில் ஏறி, முன்வரிசையில் இருந்து கைதட்டலை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் அவளுக்கு வேறொரு ஆசை வந்துவிட்டது. ஜெராட் இதை எங்கேயோ, யாரிடமோ கேட்டிருக்கிறார். அந்த இடத்துக்குப் போய்ப் பார்க்கவேண்டும். சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று ஒரு தடவை பார்க்கவேண்டும்.

அவள் பின்னோக்கிப் போனாள். டப்ளின் பெண்ணுக்கு எழுதிக் கேட்டாள். தான் ஒரு பாஞ்சோக்காரரின் இசைத்தட்டிலிருந்து பழகியதாக அவள் பதில் போட்டாள். அந்தத் தட்டின் உறையில் "இயற்றியவர் ஜெராட், லண்டன்" என்று இருந்தது. பாஞ்சோக்காரர் அதை எடுத்தது, பத்து வருடத்துக்கு முந்திய ஒரு புல்லாங்குழல் தட்டிலிருந்து. அதில் "ஜெராட்டின் மெட்டு" என்று மட்டும். அதற்கும் முன்னால், கில்பேர்ண் பப்பில் அக்கார்டியன் வாசித்தவர் தானே செய்து விற்ற ஒரு கசெட். அதில் "எங்கள் நண்பர் ஜெராட்டிடம் கேட்டுப் பழகியது" என்று சின்ன எழுத்தில். ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் ஒரு சாண் தள்ளி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இணையத்தில் மூன்று நான்கு பேர் மெட்டை எழுத்தில் இறக்கியும் போட்டிருந்தார்கள். எல்லாரும் மேலிருந்தே தொடங்கியிருந்தார்கள். எல்லாரும் ஓரிடத்தில் ஒரு சறுக்கலைக் குறித்திருந்தார்கள். காந்தாரத்தை நேரே தொடாமல் கீழேயிருந்து வழுக்கி அதற்குள் போகிற ஒரு சறுக்கல். அதைப் பார்த்தபோது சுசிலாவுக்கு நெஞ்சு கொஞ்சம் ஆறியது. இது எங்கட ஆள் போட்டது. கோயில் பாட்டுக்குழுவின் மூலையில் நின்று பழகியது. மெட்டு யாருடையதாக இருந்தாலும் இந்த வழுக்கல் அவருடையது.

வேலையில்லாத ஒரு வியாழக்கிழமை அவள் ஆர்ச்வேக்குப் போனாள். பழைய பாடசாலைக் கட்டிடம் ஒன்றின் மேல்மாடியில் அயர்லாந்து இசைக்கான சின்ன ஆவணக்காப்பகம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொள்பவள் ஓர்லா. சுசிலாவின் வயதுதான் இருக்கும். முழங்கை தேய்ந்த கம்பளிச் சட்டை, கழுத்தில் இரண்டு மூக்குக்கண்ணாடிகள். ஒன்றைப் போட்டுக்கொண்டு மற்றதைத் தேடுபவள். அவர்கள் ஆங்கிலத்தில் கதைத்தார்கள்.

"புத்தகம் போடுகிறவர்கள் இதை ஏற்கெனவே தேடச் சொன்னார்கள்," என்றாள் ஓர்லா. "ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால்தான் புதிய மெட்டு என்று நம்புகிறார்கள். எங்கள் அட்டவணை எப்படி வேலை செய்கிறதென்றால், மெட்டின் முதல் சில ஸ்வரங்களைக் கொடுத்தால், அப்படித் தொடங்குகிற எல்லா மெட்டையும் காட்டும். பெயரை நம்ப முடியாது, பாருங்கள். ஒரே மெட்டுக்கு ஊருக்கு ஒரு பெயர் இருக்கும்."

"முதல் சில ஸ்வரங்கள்," என்றாள் சுசிலா.

"ஆம்."

"இரண்டாம் பகுதியை முதலாவதாக வைத்துத் தேட முடியுமா?"

"முடியும். ஏன் அப்படி?"

சுசிலாவுக்குக் காரணம் தெரிந்தது. ஆங்கிலத்தில் அதைச் சொல்ல வார்த்தை வரவில்லை. அதனால் பாடிக் காட்டினாள். ஸ்வரங்களாக, மெல்லிய குரலில், மேசை விளிம்பில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு, முதலில் கீழ்ப்பகுதி, பிறகு மேற்பகுதி. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு தன் குரலைத் தானே ஒரு அறைக்குள் கேட்டாள். குரல் காய்ந்து போயிருந்தது. சுருதி மட்டும் அப்படியே நின்றது.

ஓர்லா எழுதுவதை நிறுத்திவிட்டாள். "திரும்ப ஒருமுறை," என்றாள். பிறகு விசைப்பலகைப் பக்கம் திரும்பினாள்.

கிடைத்தது. அயர்லாந்தில் லீட்ரிம் பக்கத்தில் பள்ளி வாத்தியார் ஒருவர், ஊர்க்காரர் வாசித்ததைக் கேட்டுக் கேட்டு எழுதிவைத்த மெட்டுகளில் ஒன்று. அவர் எழுதியது ஜெராட் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு. மெட்டுக்குப் பெயரும் இருந்தது. காயாத உடுப்புகள்.

சுசிலா திரையில் இருந்த வாத்தியாரின் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழை வருமோ வராதோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு கொடியடியில் நிற்கிற யாரோ ஒருத்திதான் இந்தப் பெயரை வைத்திருப்பாள் என்று நினைத்தாள். மிச்சம் ஊரில் அவளும் அந்த வானத்தைப் பார்த்துத்தான் உடுப்பு எடுக்கிறாள்.

"இன்னொன்றும் இருக்கிறது," என்றாள் ஓர்லா, திரையிலிருந்து கண்ணெடுக்காமல். "இதே மெட்டு, ஒரு வீட்டு ஒலிநாடாவில். வின்னி டூலன் என்று ஒரு அம்மா. கிரிக்கில்வுட்டில் இருந்தவர், வயலின் வாசிப்பார். அவர் செத்த பிறகு சகோதரியின் மகன் நாடாக்களை இங்கே கொண்டுவந்து தந்தான். வேறு யாரோ கூட இருக்கிறார்." அவள் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டாள். "நாடா உறையில் வின்னி எழுதியிருக்கிறார்: 'ஜெரி, பாண் தொழிற்சாலைப் பையன்.'"

லண்டனுக்கு வந்த புதிதில் ஜெராட் கிரிக்கில்வுட்டில் ஒரு அறையில் ஆறு பேரோடு இருந்தவர். பாண் ரொட்டி சுடும் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அது சுசிலா வருவதற்கு முன்பு.

"நீங்கள் கேட்கவேண்டும் என்று கட்டாயமில்லை," என்றாள் ஓர்லா. "சிலர் வேண்டாம் என்பார்கள்."

"கேட்கிறேன்."

ஓர்லா காதுக்கருவியைக் கொடுத்துவிட்டு, தேத்தண்ணி போடுவதாகச் சொல்லி எழுந்து போனாள். தண்ணி கொதித்து ஆறிய பிறகும் அவள் திரும்பி வரவில்லை. அது நல்ல மனது என்று சுசிலாவுக்குப் பிறகுதான் விளங்கியது.

முதலில் ஒரு வயலின். நிதானமான, வயதான கை. கீழ்ப்பகுதி, பிறகு மேற்பகுதி, ஒழுங்காக. காந்தாரம் வரும் இடத்தில் வின்னி வில்லை இழுத்து, கீழேயிருந்து வழுக்கி ஏறினாள். சுசிலா கண்ணை மூடிக்கொண்டாள். அந்தச் சறுக்கலும் ஜெராட்டினுடையதில்லை.

பிறகு இன்னொரு வயலின். இளமையான, அவசரமான கை. மேலேயிருந்து தொடங்கியது.

"நடுவில் தொடங்குகிறாய், ஜெரி," என்றது ஒரு கிழவியின் குரல். "முதற்பகுதி எங்கே?"

"நான் வந்தபோது நீங்கள் இதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தீர்கள்." வந்த புதிதின் ஆங்கிலம். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைக்கிற ஆங்கிலம். அவருடைய குரல்.

"பின்கதவால் வந்துவிட்டு, இதுதான் வாசல் என்கிறாய்."

"அந்தக் கதவுதான் திறந்து கிடந்தது, மிஸஸ் டூலன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். வில் திரும்பவும் ஓடியது, ஓரிடத்தில் தடக்கியது. "பிழை, பிழை," என்றார் ஜெராட், தமிழில், தனக்குத்தானே. திரும்ப வாசித்தார். அதே இடத்தில் விழுந்தார். "ஐயோ, பிழை," என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். வாய்விட்டு, மூச்சுத் திணறச் சிரித்தார்.

"அது என்ன சொல் சொல்கிறாய்?"

"பிழை. தவறு என்று அர்த்தம்."

"பிளை," என்றாள் வின்னி. "நல்ல சொல். எனக்கு நிறையத் தேவைப்படும்."

சுசிலா அந்தச் சொல்லில் நின்றுவிட்டாள். ஜெராட் தன் பிழையைப் பிழை என்று சொல்லி அவள் ஒருநாளும் கேட்டதில்லை. பிழையான றோட்டில் போனால் திருப்ப மாட்டார். இதுவும் ஒரு வழிதான் என்று கடைசிவரை ஓட்டுவார். கவுன்சில்காரர் வந்தாலும், டொக்டர் சொன்னாலும், விதுஷாவின் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை சொன்னாலும், தனக்கு ஏற்கெனவே தெரியும் என்பதுபோலத் தலையாட்டுவார். தெரியாது என்று சொன்னால் இந்த நாடு தன்னைத் திருப்பி அனுப்பிவிடும் என்று எங்கோ ஒரு மூலையில் நம்பினவர்போல. அவள் கலியாணம் கட்டியது அந்த மனிதரை. இந்த நாடாவில் இருக்கிறவன் வேறு யாரோ. இவனுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததில் இவனுக்கு இவ்வளவு சந்தோஷம்.

கோப்பையில் கரண்டி தட்டும் சத்தம். வின்னி கேட்டாள்: "மனைவி எப்போது வருகிறாள்?"

"விசா கிடைத்தால், மே மாதம்."

"அவளும் வாசிப்பாளா?"

"பாடுவாள். உண்மையான சங்கீதம் படித்தவள். அவளுக்கு முன்னால் நான் இதை வாசிக்க மாட்டேன்."

"ஏன்?"

நாடாவுக்குள் தூரத்தில் ஒரு ரயில் போனது.

"அவளுக்கு எல்லாம் கேட்கும்," என்றார் ஜெராட்.

ஓர்லா கடைசியில் ஆறிய தேத்தண்ணியோடு வந்தாள். ஒலிப்பதிவின் நகல் ஒன்றைச் சுசிலாவின் போனுக்கு அனுப்பிவிட்டாள். "புத்தகக்காரருக்கு நான் எதுவும் எழுதப் போவதில்லை," என்றாள். "கேட்டால் சொல்வேன். ஆனால் அவர்கள் திரும்பக் கேட்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. அது உங்கள் வீட்டு விஷயம்."

ரயிலில் சுசிலா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். சுரங்கத்தின் இருட்டில் தெரிந்தது அவளுடைய முகம்தான். மேலறைக் கதவு யாரை வெளியே வைக்கச் சாத்தப்பட்டது என்று இப்போது தெரிந்துவிட்டது. அவளுடைய காதைத்தான். அவள் படியில் நின்ற நேரமெல்லாம் அவர் உள்ளே பிழைக்குப் பயந்துகொண்டு நின்றிருக்கிறார். கடைசியில் அந்தப் பிழையைக் கண்டுபிடித்தது யார்? அவர் நினைத்தது சரியாகவே போய்விட்டது. செத்த பிறகும் அவரை விடாமல் பின்னால் போய், நீ தொடங்கின இடம் பிழை என்று சொல்ல வந்தவள் அவளேதான். இனி வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் அவருக்குச் செய்யும் நன்றியோ என்று அவள் நெடுநேரம் யோசித்தாள். பால்ஹம் தாண்டி, டூட்டிங் தாண்டி, இறங்கும் இடம் வரும்வரை அந்தக் கேள்வி அவளோடேயே இருந்தது.

சனிக்கிழமை விதுஷா வந்தாள். புவனேந்திரன் அண்ணையும் கோச் விஷயமாக வந்திருந்தார். சுசிலா நடந்ததைச் சொன்னாள். வாத்தியாரின் எழுத்தைப் பற்றி, மெட்டின் பழைய பெயரைப் பற்றி, வின்னியைப் பற்றி.

"உடுப்புத் தோய்க்கிற பாட்டுக்கே நான் கோச் பிடிச்சனான்?" என்றார் புவனேந்திரன் அண்ணை. ஒருவரும் சிரிக்காததைப் பார்த்துக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நீங்கள் ஏன் அங்க போனனீங்கள்?" என்றாள் விதுஷா. குரலை உயர்த்தவில்லை. "அவையே தேடிக் கிடைக்கேல்லை எண்டு விட்டிட்டினம். உங்களை ஆர் தேடச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"அப்ப ஏன்?"

சுசிலா போனை எடுத்து, நாடாவை ஓடவிட்டு, மகளின் கையில் கொடுத்தாள்.

விதுஷா நின்றுகொண்டே கேட்டாள். தகப்பனின் குரல் வந்ததும் கதிரையின் முதுகைப் பிடித்தாள். "ஐயோ, பிழை" என்ற இடத்தில் அவளுக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடேயே அழுதாள். புவனேந்திரன் அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "குரல் அப்படியே கிடக்கு," என்றார். "பள்ளிக்கூடத்தில இப்பிடித்தான் சிரிப்பான். பிறகு எப்ப விட்டவனெண்டு தெரியேல்லை."

நாடா முடிந்தது. விதுஷா அதைத் திரும்பப் போடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, குசினி வாசலில் நின்ற தாய்க்குப் பக்கத்தில் வந்தாள்.

"அம்மா, ஒண்டு சொல்லட்டோ? இதை நாங்கள் வைச்சிருப்பம். எங்களுக்கு மட்டும். ஒருத்தருக்கும் குடுக்கத் தேவையில்லை. அவைக்கு நீங்கள் ஓம் எண்டு எழுதுங்கோ."

"விது."

"இந்த நாட்டில அப்பாவின்ர பேர் எங்க இருக்கு? கவுன்சில் டாக்ஸ் பேப்பரில இருந்தது, அதையும் உங்கட பேருக்கு மாத்தியாச்சு. கல்லறையில இருக்கு. வேற எங்க? முப்பது வரியம் மற்ற ஆக்களின்ர கடிதத்தைப் பிரிச்சவர். ஒரு புத்தகத்தில ஒரு பக்கம் அவருக்குக் கிடைக்கக்கூடாதோ? அந்த வாத்தியாரும் இல்லை, அந்த அம்மாவும் இல்லை. ஆருக்கு நட்டம்?"

மகள் சொன்னதில் பிழையில்லை என்று சுசிலாவுக்குத் தெரிந்தது. ஆருக்கும் நட்டமில்லை. நட்டமில்லாத ஒரு வரி. அவள் அதை எழுதினால் கில்பேர்ணில் விளக்குப் போட்டு, தெரியாத பிள்ளைகள் எழும்பி நின்று அவருக்குக் கைதட்டும். எழுதிய நாளிலிருந்து அவர் எல்லாம் தெரிந்த மனிதராக, பிழையே விடாதவராக, கல்லில் இருப்பதுபோல ஒரு பக்கத்தில் இருப்பார். அதைத்தான் அவர் இந்த வீட்டில் தூக்கிச் சுமந்தார். அவளும் கூடச் சேர்ந்து சுமந்தாள், பாரம் என்று தெரியாமல். அந்தக் கிழவியின் குசினியில் அதை இறக்கி வைத்துவிட்டு ஒரு பின்னேரம் சிரித்திருக்கிறார். திருப்பித் தூக்கி அவர் தலையில் வைக்கச் சொல்கிறாள் மகள், அன்போடுதான்.

அந்த மெட்டில் அவருடையதாக மிஞ்சியது ஒன்றே ஒன்று. தொடங்கிய இடம். லண்டனிலும் டப்ளினிலும் இத்தனை பேர், பின்கதவு என்று தெரியாமல், அவர் நுழைந்த வழியாலேயே நுழைகிறார்கள். அவளுக்கு எல்லாம் கேட்கும் என்று சொன்னாரே. இதுவும் கேட்கிறது. அந்தப் பிழையான தொடக்கத்தைச் சரியென்று மாற்றி எழுத அவளால் முடியாது.

"விழாவுக்கு இன்னும் நாள் கிடக்கு, தங்கச்சி," என்றார் புவனேந்திரன் அண்ணை, இரண்டு பேருக்கும் நடுவில் பார்த்துக்கொண்டு. "யோசிச்சுச் சொல்லும். கோச்சை நான் பிறகும் நிப்பாட்டலாம்."

"நிப்பாட்டுங்கோ அண்ணை."

விதுஷா போனை நீட்டிக்கொண்டு நின்றாள். இசைச் சங்கத்தின் கடிதம் அதில் திறந்து இருந்தது. கீழே வெறும் இடம், ஒரு சொல்லுக்குப் போதுமானது.

"ஒரு வரி, அம்மா."

சுசிலா போனை வாங்கவில்லை. மகளின் கையை அப்படியே போனோடு சேர்த்துப் பிடித்து, மெல்லக் கீழே இறக்கினாள்.

"இல்லைப் பிள்ளை," என்றாள். "அப்பா செய்யேல்லை. அவர் கேட்டுப் பழகினவர்."